சாய்த்து வைத்த ஸ்கேல்

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்டியபோது கொத்தனாரோடு நான் கால் அங்குலத்துக்காக மல்லுக்கு நின்றேன்.

மாடி என்ற பேச்சே தண்ணீரால் வந்ததுதான். முந்தின ஐப்பசி மழையில் வாய்க்கால் வழிந்து கூடத்துக்குள் வந்துவிட்டது. என் மனைவி இரண்டு நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. எதிர்வீட்டார் தங்கள் மாடிக்குக் கூப்பிட்டார்கள். போனவள், முட்டி வலி பொறுக்காமல் நாலாவது படியோடு திரும்பிவிட்டாள். அடுத்த மழைக்குள் நம் வீட்டிலேயே மேலே ஓர் அறை வேண்டும் என்று சிங்கப்பூரிலிருக்கும் மகன் முடிவு செய்தான். அவனுடைய நண்பர் கம்ப்யூட்டரில் பிளான் போட்டு அனுப்பினார்.

நல்ல பிளான். படிக்கட்டைத் தவிர எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கீழ்த்தரையிலிருந்து மாடித்தரைக்குப் பத்தடி நாலரை அங்குலம். அதை இருபது படியாகப் பிரித்திருந்தார். படிக்கு ஆறே கால் அங்குலம் வருகிறது. யாருக்கும் அது நல்ல உயரம்தான். ஆனால் ஆறு அங்குலத்துக்கு மேல் காலைத் தூக்கக்கூடாது என்று முட்டி டாக்டர் இவளிடம் சொல்லியிருந்தார். ஏற முடியாத படிக்கு மேலே அறை எதற்கு?

கொத்தனார் சிரித்தார். "கால் இஞ்சு சார். ஒரு நெல்லு நீளம்கூட இல்ல."

"அந்த நெல்லை அவ இருபது தடவ தூக்கணுமே" என்றேன்.

மகனுக்குப் போன் போட்டேன். நண்பர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், வர ஐந்து நாளாகுமாம். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. பலகை அடித்துவிட்டால் பிறகு யார் மாற்றுவார்கள்? நானே வரைந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூரில் முப்பத்து நாலு வருஷம் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான்.

டிராயிங் போர்டில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. துடைத்து எடுத்தேன். டி ஸ்கொயரின் தலையில் ஐந்து திருகாணிக்கு மூன்றுதான் மிச்சம். செட் ஸ்கொயர் இரண்டும் பழுத்துப் போயிருந்தன, ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. டிவைடர் திறக்கவில்லை, தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தேன். கிளட்ச் பென்சிலுக்கு மூன்று ஊசி இருந்தது. கை நடுங்குகிறவனுக்கு இந்தச் சாமான்கள்தான் தோது. போர்டின் விளிம்பை டி ஸ்கொயர் பிடித்துக்கொள்கிறது, அதன் மேல் செட் ஸ்கொயர் உட்கார்ந்துகொள்கிறது. கோடு ஓடிப்போக இடமே இல்லை.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து, கீழ்த்தரைக்கு ஒரு கோடு, மாடிக்கு ஒரு கோடு போட்டேன். இடைவெளி பத்தரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, பத்து அங்குலம் மூன்று நூல்; எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு படி கூட்டி இதை இருபத்தொன்றால் வகுத்தால் பின்னம் பின்னமாக வரும். நாங்கள் வகுக்கமாட்டோம். ஸ்கேலின் பூஜ்யத்தைக் கீழ்க்கோட்டில் வைத்து, பத்தரை என்ற குறி மேல்கோட்டைத் தொடும்வரை ஸ்கேலைச் சாய்த்தேன். ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் ஒரு புள்ளி. சமமாக இருபத்தொரு பங்கு விழுந்துவிட்டது. டிவைடரால் ஒரு பங்கை எடுத்து அளந்தேன். படி ஆறு அங்குலத்துக்குள் வந்தது.

கொத்தனார் படத்தைப் பார்த்தார். ஒரு படி கூடினால் அது சமையலறைக் கதவை மறிக்கும் என்றார். நியாயமான பேச்சு. பிளானில் கால் வைக்கும் அகலம் பதினொரு அங்குலம். நான் மனைவியைக் கூப்பிட்டு, தாளின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். ஒன்பது அங்குலம். அகலத்தைப் பத்தாகக் குறைத்தால் போதும். நடுவில் திரும்புகிற லேண்டிங்வரை ஒன்பது படி தொண்ணூற்றொன்பது அங்குலம் நீண்டது, இப்போது பத்துப் படி நூறு அங்குலம் நீளும். கதவுக்கு ஓர் அங்குலம்தான் நஷ்டம். கொத்தனார் தாடையைச் சொறிந்தார், சரி என்றார்.

அப்போதுதான் என் மனைவி விரலை வைத்துப் படத்தில் ஏறத் தொடங்கினாள். லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணினாள். நடுவில் லேண்டிங்கை எண்ணாமல் தாண்டினாள். மாடியில் விரலை வைத்தபோது நஷ்டம் வந்தது.

"இது வேணாங்க. பழசே இருக்கட்டும், அதுல லாபத்துலதான் முடிஞ்சுது."

லேண்டிங்கும் ஒரு படிதான், அதையும் சேர்த்தால் இருபத்தொன்று, லாபம்தான் என்று விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நின்னு மூச்சு வாங்குற இடத்தப் போயி படின்னு யாராவது எண்ணுவாங்களா?"

"அம்மா சொல்றது கரெக்டு சார். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க" என்று கொத்தனாரும் சேர்ந்துகொண்டார். பழைய பிளானுக்கு இரண்டு ஓட்டு விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பென்சில் ஊசி ஒன்று ஒடிந்தது. முட்டி யாருடையது என்று கேட்டேன். என்னுடையதுதான், நஷ்டத்தில் முடிகிற படியில் அதை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுபடி போர்டில் ஒரு தாளைக் குத்தி வைத்தேன். லேண்டிங்கை விட்டுவிட்டு இருபத்தொன்று வரவேண்டுமென்றால் மொத்தம் இருபத்திரண்டு. ஸ்கேலை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், பதினொன்று என்ற குறி மேல்கோட்டைத் தொட்டது. மேலே பத்து, கீழே பத்து, இரண்டு பக்கமும் அதே நூறு அங்குலம். டிவைடரில் எடுத்துப் பார்த்தால் படி ஐந்தே முக்காலுக்கும் குறைவு. நான் கேட்டதைவிடத் தாழ்வு. இதை அவளிடம் சொல்லவில்லை. எண்ணிப் பார் என்று மட்டும் சொன்னேன். எண்ணினாள், தலையாட்டினாள்.

சென்ட்ரிங் ஆட்கள் வருவதற்குள் நானும் கொத்தனாரும் சுவரில் நூல் பிடித்து இருபத்திரண்டு குறியும் போட்டு முடித்தோம்.

கான்கிரீட் இறுகிப் பலகையைப் பிரித்த அன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். லேண்டிங்கில் நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஏறினாள். மாடியில் நின்று எதிர்வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழேயே நின்றேன். இறங்கும்போது மட்டும் முகம் சுளித்தாள்.

"ஏறிடலாங்க. எறங்கத்தான் ரெண்டு பக்கமும் புடி வேணும்."

பிளானில் கைப்பிடி ஒரு பக்கம்தான். படியின் அகலம் மூன்றடி. இரண்டு பக்கமும் வைத்தால் நடுவே எவ்வளவு மிஞ்சும், கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று பார்க்கவேண்டும். போர்டில் புதுத் தாளைக் குத்தினேன்.