மஞ்சள் பெயிண்டில் எங்கள் பெயர்கள்

கோமதி அக்கா இறந்த செய்தி எங்கள் கார் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகளுக்கு நடுவில் வந்தது. மேலே ஒருவர், இடப்பக்கக் கண்ணாடி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கீழே இன்னொருவர், "இருக்கு, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று பதில் போட்டிருந்தார். நடுவில் அக்காவின் தம்பி சேகர் அண்ணன் எழுதிய ஒரே வரி: "அக்கா காலைல தவறிட்டாங்க." கண்ணாடி கேட்டவர் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். அது கண்ணாடிக்காகவா அக்காவுக்காகவா என்று தெரியவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா போனை என்னிடம் நீட்டி, "நீ படி, எனக்குக் கண்ணு சரியாத் தெரில" என்றார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவை என்னைவிட அதிக வருடம் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் எல்லாரிடமும் இருப்பது ஒரே மாடல் கார். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடையில் பாகங்கள் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கிளப்பே உண்டானது. யாருடைய வண்டியாவது இனி ஓடாது என்று ஆகிவிட்டால் அதைப் பிரித்து, தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்வோம். எது யாருக்கு என்று வண்டிக்காரர்தான் சொல்வார். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பங்கு பிரிப்பது. அக்கா அந்தக் கம்பெனியிலேயே உற்பத்தி லைனின் கடைசியில் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலையில் இருந்தவர். அப்போது வாங்கிய வெள்ளை வண்டியைக் கடைசி வரை ஓட்டினார். கம்பெனி மூடிய பிறகு ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார். வீடு பென்னலூரில்.

நான் எட்டாவது படிக்கும்போது அவரை முதலில் பார்த்தேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து நானும் அப்பாவும் எங்கள் செகண்ட்ஹேண்ட் வண்டியில் ஒரகடம் டீக்கடைக்கு வந்து இறங்கினோம். கிளப்பில் சேர்வதற்காக அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். அக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே தலையை விட்டார்.

"இத பாரு. நான் போட்ட கோடு."

ஒரு போல்ட்டின்மேல் மங்கிப்போன மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. எல்லாக் கோடும் ஒரே மாதிரிதானே இருக்கும், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உன் கையெழுத்து உனக்குத் தெரியாதா? அது மாதிரிதான்."

"எதுக்குக் கோடு போடணும் ஆன்ட்டி?"

"ஆன்ட்டின்னு கூப்ட்டா பதில் வராது. அக்கான்னு கேளு."

கேட்டேன். போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கிவிட்டால் பெயிண்ட் பேனாவால் கோடு போட வேண்டும் என்றார். "கோடு இருந்தா, பாத்தாச்சு, முடிஞ்சிது. அடுத்த ஆளு நின்னு யோசிச்சிக்கினு இருக்கக் கூடாது. லைன் நிக்கக் கூடாதுல்ல?" அந்தப் பேனா எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். டீக்கடையில் தன் கிளாஸ் மாறாமல் இருக்க அதன் அடியிலும் கோடு போட்டு வைத்திருந்தார்.

கிளப் பயணங்களில் நான் அக்காவின் வண்டியில் பின் சீட்டில் உட்கார்வேன். அவர் பேசச் சொல்ல மாட்டார் என்பது முக்கியமான காரணம். நான் புத்தகம் படித்துக்கொண்டே வருவேன். உத்திரமேரூரிலிருந்து திரும்பிய ஒரு நாள் வழியிலேயே இருட்டத் தொடங்கியது. நான் கேட்காமலே அவர் கூரை விளக்கைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"அந்த லைட்டு எரிஞ்சா கண்ணாடில என் மூஞ்சிதான் தெரியுது. ரோடு தெரில."

"அணைச்சிடுங்கக்கா."

"இன்னும் எத்தினி பக்கம் கீது?"

"இந்த அத்தியாயம் முடிய ஆறு பக்கம்."

"சரி, முடி. நான் மெதுவாப் போறேன்."

அந்த ஆறு பக்கமும் இடது ஓரமாக ஊர்ந்தோம். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, வண்டிய தள்ளிக்கினு போறியா?" என்று கேட்டார். அக்கா கண்ணாடியை இறக்கி, "பாப்பா படிக்குது, போ நைனா" என்றார். நான் படிப்பதற்காக யாரும் அதற்கு முன்பு ரோட்டில் வேகத்தைக் குறைத்ததில்லை.

அஞ்சலியில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அக்காமேல் கோபமும் இருக்கிறது. எந்த வண்டியில் சின்னச் சத்தம் வந்தாலும் டீயை வைத்துவிட்டு எழுந்து போகிறவர், தன் தலைவலியைப் பத்து நாள் கவனிக்காமல் விட்டார். டாக்டரிடம் போகச் சொன்ன தம்பியிடம், இந்த வாரம் ஆள் குறைவு, ஓ.டி. இருக்கிறது என்றிருக்கிறார். ஷிஃப்ட்டிலேயே விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. இரண்டாம் நாள் காலையில் போய்விட்டார். மற்றவர் வண்டியாக இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாரா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

அக்காவின் வண்டிக்கு இந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. அடித்தகடு துருப்பிடித்துப் போயிருந்ததால் சோதனையில் வண்டி தேறாது என்று அவருக்குத் தெரியும். அவர் வந்த கடைசிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த மாசம் நம்ம வண்டியப் பங்கு பிரிச்சிடலாம். நிக்கிறதுக்குப் பேரு வண்டியா? சாமான்." இரண்டு பேர் சமாதானம் சொல்ல வந்தபோது, "சாமியா அது, வெச்சிக் கும்பிடறதுக்கு?" என்று கேட்டு வாயை அடைத்தார். நீங்களும் இருந்தீர்கள். சிரித்தீர்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கிளப் கூடியபோது, செயலாளர் தேவராஜ் அங்கிள் அழுதுகொண்டே பேசினார். கோமதியின் வண்டியை அப்படியே முழுசாக வைத்திருப்போம், அதுதான் அவளுக்கு நினைவுச் சின்னம் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். என் அப்பாவும் தூக்கினார். எங்கள் வண்டி பவர் ஸ்டியரிங் பம்ப் போய் நான்கு மாதமாக வீட்டு வாசலில் நிற்கிறது. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, அது இல்லாமல் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. அதே பம்ப் அக்காவின் வண்டியில் நன்றாக இருக்கிறது. அப்பா தினமும் படப்பை வரை போய் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

நான் எழுந்து, அக்கா பங்கு பிரிக்கச் சொன்னாரே என்றேன்.

"அது அவ இருந்தப்ப சொன்னதும்மா" என்றார் தேவராஜ் அங்கிள். "இப்ப அவளே இல்ல. வண்டியாவது இருக்கட்டும்."

"அதைத்தான் அவங்க வேணாம்னாங்க அங்கிள்."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு இது புரியாது."

உட்காரு என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்கு வந்ததும், "செத்தவங்க வண்டில கைவெக்க அலையறான்னு பேர் வரும்டி" என்றார். அந்தப் பயம் அங்கே கை தூக்கிய எல்லாருக்குமே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு மாலை போடப் பென்னலூர் போனோம். தார்ப்பாயை விலக்கியதும் நாற்றம் அடித்தது. "எலி பூந்துக்கினு கீது" என்றார் சேகர் அண்ணன். ஒயரைக் கடித்திருக்கும் என்று பயந்து பானெட்டைத் திறந்தார்கள். ஒயர்கள் கடிபட்டுத்தான் இருந்தன. ஆனால் எல்லாரும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒவ்வொரு பாகத்தின்மேலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பெயர் இருந்தது. ரேடியேட்டர் ஃபேனில் 'தேவராஜ் அண்ணன்'. வைப்பர் மோட்டாரில் ஒரு பெயர், ஹெட்லைட்டுகளில் இரண்டு பெயர்கள். ஸ்டியரிங் பம்பில் 'தேன்மொழி அப்பா'. தேன்மொழி நான்தான். பெயர்களுக்குக் கீழே அந்தக் கோடு. பாத்தாச்சு, முடிஞ்சிது.

இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். தேவராஜ் அங்கிள் தன் பெயரை விரலால் தடவினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இதுல போய் எப்படிப்பா ஸ்பேனர் வெக்கிறது? கோமதி கையெழுத்து இது."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவரவர் பெயரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பானெட்டை மெதுவாக, வலிக்காமல் மூடுவதுபோல மூடினார்கள். அதன்மேல் மாலையைப் போட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தத் தெரியவில்லை. பின்கதவைத் திறந்து வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரக்கூடாது என்று தலையை மேலே தூக்கினேன்.

கூரை விளக்கின் மூடியில் மஞ்சளாக 'தேன்மொழி' என்று எழுதியிருந்தது. கீழே கோடு.

என்னிடம் கார் இல்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. பங்கில் எனக்கும் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சேகர் அண்ணனிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். முதல் ஸ்க்ரூ வந்துவிட்டது. இரண்டாவது இறுகியிருந்தது.

"யாரும்மா உள்ள? இன்னா பண்றே?" தேவராஜ் அங்கிள் ஜன்னலில் குனிந்தார்.

"என் பேர் போட்டிருக்கு அங்கிள். எடுத்துக்கறேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூரையில் இருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் அண்ணன்தான் பேசினார்: "எடுத்துக்கட்டும்ணே. அக்கா கோடு போட்டுட்டா மேல பேச்சு கிடையாது."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அப்பா அந்த விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறங்கியதும், "இதுக்கு ரெண்டே ஸ்க்ரூதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பம்புக்கு மூணு போல்ட் வரும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பென்னலூர் போகிறோம். ஸ்பேனர் எடுத்துக்கொண்டுதான் போகிறோம். உங்கள் பெயரும் அங்கே இருக்கிறது. அந்த வண்டி இப்போது முழு வண்டி இல்லை. அதைக் குறைத்தது நான்தான், பழி வந்தால் எனக்கு வரட்டும். நீங்கள் வந்து உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எலிகளுக்குப் படிக்கத் தெரியாது.

விளக்கு என் மேசைமேல் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய பேட்டரி தருவதாகச் சேகர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அது எரியும்போது என் புத்தகத்தின்மேல் 'தேன்மொழி' என்ற நிழல் விழும். பெயரைத் துடைத்துவிட்டால் வெளிச்சம் நன்றாக வரும் என்கிறார் அப்பா. துடைக்க மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேவராஜ் அங்கிளை எனக்குப் புரிகிறது.