மேலே சொல்லியாக வேண்டும்

எங்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உலக உருண்டை. ஆளும் கொஞ்சம் உருண்டைதான். அதோடு வகுப்புக்கு வகுப்பு அந்த உருண்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் போவார். பெயர் அவருக்கும் தெரியும். "பட்டப்பேர் வைக்கலைன்னா பிள்ளைங்க நம்மள கண்டுக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்பார். எனக்கு அவர் அக்கா. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. நான் கணக்கு டீச்சர். எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரை இங்கே சொல்வதற்கில்லை.

பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவும் விடுமுறையில். எல்லோரும் நழுவினார்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாமியார் படுத்த படுக்கை. எனக்கும் அன்றைக்குப் பார்த்துப் பல்வலி வந்தது. அக்கா அன்று லீவு. ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாள் விஷயம் தெரிந்து எங்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு போனார்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். "அழாதேன்னு சொல்லக்கூடாதாம். இத்தனை வருஷமா நாம அதை மட்டும்தானே சொல்லிட்டிருக்கோம்" என்றார். எதிரே உட்காரக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். புத்திமதி கூடவே கூடாது. முக்கியமாக, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடக்கூடாது. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் மேலே சொல்லியாக வேண்டும், சொல்வேன் என்பதையும் அந்தப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் வீட்டில் கணவரிடம் பழகிப் பார்த்திருக்கிறார். மனுஷன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம். "நீ பக்கத்துல வந்து உக்காந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டா எனக்குப் பயமா இருக்கு" என்றாராம்.

கழிப்பறையை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அவரே கூட்டிப் பெருக்கித் திரை போட்டு, இரண்டு நாற்காலிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டார். தலைமை ஆசிரியை காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மனசு சரியில்லாதவங்க அந்த ரூமுக்குப் போய்ப் பேசலாம்" என்று அறிவித்தார். அத்தோடு அந்த அறையின் கதை முடிந்தது. மைதானத்தைக் கடந்துதான் அங்கே போக வேண்டும், போகிறவர்களை மொத்தப் பள்ளியும் பார்க்கும். மறுநாளே அதற்கு லூசு ரூம் என்று பெயர் வந்துவிட்டது.

பிள்ளைகளையாவது மன்னிக்கலாம். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "வாய மூடுறியா, இல்ல உலக உருண்டைகிட்ட அனுப்பவா" என்று மிரட்ட ஆரம்பித்தார்கள். டஸ்டரை எறிந்தவன், ஜன்னல் கண்ணாடியை உடைத்தவன் எல்லாம் அங்கே போய் நின்றார்கள். ஒருவன் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு, "சீக்கிரம் அடிச்சிடுங்க டீச்சர், எனக்கு விளையாட்டு பீரியட்" என்றானாம். அக்கா ஆசிரியர் அறைக்கு வந்து, "நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்துறேன்?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் மனதில் இருந்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அப்பாவைப் பற்றிப் பேச்சே கிடையாது. மாமா வீட்டில் இருந்து படிக்கிறாள். வரைபடத்தில் எந்த ஆற்றைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற பெண், அந்த வருஷம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டே கிடந்தாள். என் கணக்குத் தாளில் கேள்விகளை முத்து முத்தாக எழுதியிருப்பாள், ஒன்றுக்கும் விடை இருக்காது. சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நூலாக்கியிருந்தாள். லூசு ரூமுக்கு அவள் செத்தாலும் போக மாட்டாள் என்பது எங்களுக்கே தெரியும்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். மாலை மணி அடித்ததும், "மேப்பெல்லாம் சுருட்டி வைக்கணும், கொஞ்சம் கை குடும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டார். வராந்தாக் கடைசியில் மேப் அலமாரி. அங்கே இருவரும் பக்கம் பக்கமாக நின்று சுருட்டுவார்கள், கட்டுவார்கள். பல நாள் வேறு பேச்சே இல்லை. சுருட்டிய மேப்பையே அக்கா மறுநாள் விரித்து வைப்பார். "ஆள் பிடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "பேசாம போடி" என்றார்.

ஒரு நாள் அவள் தானாகவே ஆரம்பித்தாள். அம்மா போனில் பேசும்போது அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாளாம். நல்லா இருக்கேன் என்று மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டு நிறுத்தினாள். அக்கா, தனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே, "இரும்மா. உன் உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி ஏதாவது சொன்னேன்னா, நான் மேல சொல்லியாகணும். என்னால மறைக்க முடியாது. அப்படியும் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு" என்றார்.

அந்தப் பெண் கையிலிருந்த மேப்பை முழுக்கச் சுருட்டி நாடாவைக் கட்டினாள். "பரவாயில்ல டீச்சர். யாருக்காவது தெரிஞ்சா சரி" என்றாள். பிறகு சொன்னாள். படுத்தால் காலையில் எழுந்திருக்காமலே போய்விட வேண்டும் என்று தினமும் தோன்றுகிறதாம். நீயாகவே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்று அக்கா நேராகவே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். அன்று என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. "வாயத் திறந்துட்டாடி. இனிமே பாத்துக்கலாம்" என்றார்.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை, பயந்தவர். "நம்ம ஸ்கூல்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றுதான் முதலில் கேட்டார். மனநல நிபுணருக்குப் போன் போட்டார். இந்த வட்டாரம் மொத்தத்துக்கும் அவர் ஒருவர்தானாம், அடுத்த மாதக் கடைசியில் வருவாராம். அடுத்து வீட்டுக்குப் போன் போட எண்ணைத் தேடினார்.

"மேடம், அவர் ஒரு தடவை பார்த்துடட்டும், அப்புறம் வீட்டுக்குச் சொல்லலாம். வீட்டுலதானே பிரச்சினையே" என்று அக்கா கெஞ்சினார்.

"காப்பாளருக்கு உடனே தெரிவிக்கணும்னு உங்க பயிற்சிப் புத்தகத்துலதானே இருக்கு? நீங்கதானே டீச்சர் எனக்குக் காட்டினீங்க?"

இருந்தது. அக்காவே பென்சிலால் அடிக்கோடு போட்டுக் காட்டிய வரிதான்.

மறுநாள் மதியம் மாமா வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவள் வரவில்லை. சில நாளில், வேறு பள்ளியில் சேர்க்கப்போகிறோம் என்று சொல்லிப் பெயரை வெட்டிக்கொண்டார்கள். நிபுணர் வரும் தேதி நெருங்கியதும் அக்கா அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பிள்ளை இப்போது உங்கள் பள்ளியில் இல்லையே, சேரப்போகும் பள்ளியிலிருந்து எழுதச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. எந்தப் பள்ளி என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குப் போனைப் பிடுங்கி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார்.

மறுநாள் பள்ளி நேரத்திலேயே, அரை நாள் லீவு போட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். சந்துக்குள் கடைசி வீடு. அத்தை வந்தாள், இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே, நடையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் அத்தையின் கைக்குழந்தை. எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை சண்டைக்கு வரவில்லை. "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணிருப்பீங்க டீச்சர். ஆனா இவ அம்மா அங்க அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, வேலைய விட்டுட்டு வர்றேன்னு நிக்கிறா. வந்துட்டா இங்க யாரு எதைச் சாப்பிடுறது? ஏதோ தெரியாம உளறிட்டா. வேணும்னா அவளையே கேளுங்க." உள்ளே திரும்பி, "வா, வந்து டீச்சர்கிட்ட சொல்லு" என்றாள்.

"நான் பொய் சொன்னேன் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சும்மாதான் சொன்னேன்."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் உட்கார வழியில்லை. "என்ன நடந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அதான் சொல்லிட்டாளே" என்றாள் அத்தை.

நாங்கள் திரும்பினோம். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். அக்கா ஏறி உட்காரும்போது, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவள்தான், குழந்தையோடு. அத்தை உள்ளே போயிருந்தாள். அக்கா சட்டென்று இறங்கி ஓடினார், நானும் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். இப்போதாவது உண்மையைச் சொல்லப்போகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகள் எங்கள் மேஜை முன்னால் நின்று பேசுகிற அதே குரலில், "மன்னிச்சிடுங்க டீச்சர். இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றாள்.