சொல்லு சாமி

ரிஹானாவுக்குப் படிப்பு உதட்டில்தான் தங்கும். சின்ன வயதில் மதரஸாவில் ஓதிப் பழகிய வழக்கம் அது. லேசாக முன்னும் பின்னும் அசைந்து வாய்க்குள் முணுமுணுத்தால்தான் எதுவும் நினைவுக்கு வரும். வேதியியல் சமன்பாட்டையும் அப்படித்தான் சொல்லிப் பார்ப்பாள், கடைவீதிக்குப் போனால் வாங்கவேண்டிய சாமான்களையும் அப்படித்தான். புளிக்கும் பருப்புக்கும்கூடவா இந்த முணுமுணுப்பு என்று அம்மா மதீனா பீவி கேலி செய்வாள்.

அந்த உதடுதான் அவள் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டது. மருந்தாளுநர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு கம்ப்யூட்டரில் நடந்தது. இப்போதெல்லாம் தேர்வு அறையில் கண்காணிப்பாளர் யாரும் செருப்பு தேய நடப்பதில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் நேரே ஒரு கேமரா, அதற்குப் பின்னால் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். உதடு அசைவதைப் பார்த்த மென்பொருள், இவள் யாரோடோ பேசுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டது.

தேர்வு நடந்தது நாமக்கல் ரோட்டிலிருந்த ஒரு தனியார் கல்லூரியில். துணை முதல்வர் அன்பழகன்தான் மையப் பொறுப்பாளர். விசாரணைக்கு அவளோடு அத்தா கரீம் பாஷாவும் புடவைக் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். வீடியோவை ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், சத்தத்தையும் கேளுங்கள், நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று கெஞ்சினாள். அன்பழகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மிசினுக்கு உன் மேல என்னம்மா கோவம்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்காகக் கரீம் பாஷாவும் கொஞ்சம் சிரித்துவைத்தார். தேர்வு ரத்தானதைக்கூட ரிஹானா தாங்கிக்கொண்டாள். அத்தாவின் அந்த அசட்டுச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. தெருவில் அவள் காப்பியடித்த பெண் ஆனாள். அன்பழகன் நன்றாக இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் கருவினாள்.

சில வருடங்களில், இப்படி ரத்தானவர்கள் போட்ட வழக்குகள் பெருகியதும், மென்பொருள் பிடித்துக்கொடுப்பவர்களை ஆட்களும் ஒருமுறை பார்க்கட்டும் என்று தேர்வு கம்பெனிகள் இறங்கிவந்தன. சேலத்தில் அப்படி ஒரு அலுவலகம் திறந்த வாரமே ரிஹானா போய்ச் சேர்ந்தாள். வேலை சுலபம். சந்தேகக் காட்சி திரையில் வரும். பெயர் இருக்காது, முகம் மட்டும் இருக்கும். குற்றம் என்றோ குற்றமில்லை என்றோ அழுத்த வேண்டும். உதடு அசைத்தவர்களை எல்லாம் அவள் தயங்காமல் விடுவித்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு முகம்.

அது தானாகவே வந்தது. முதல்வர் பதவிக்குப் போக ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்றாகியிருந்தது. திரையில் அன்பழகன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வியையே வெறித்துப் பார்த்தவர் மெல்ல முனகினார்: "சொல்லு சாமி... சொல்லு சாமி..."

யாரையோ அழைத்து விடை கேட்கிறார் என்பது மென்பொருளின் புகார். அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்குச் சாமி என்றால் என்ன தெரியும்? இந்தப் பக்கத்தில் குழந்தையும் சாமி, பெரியவரும் சாமி, திக்குத் தெரியாதபோது வாயில் வருவதும் சாமிதான். அந்த மனிதர் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி மன்றாடிக்கொண்டிருந்தார் என்பதில் ரிஹானாவுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. தெரிந்தேதான் குற்றம் என்று அழுத்தினாள். காரணம் எழுதும் இடத்தில், அருகிலிருந்தவரை அழைத்து விடை கேட்டார் என்று நிதானமாகத் தட்டச்சு செய்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது பிரியாணி வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த மகிழ்ச்சி வாரக் கடைசி வரைகூட நிற்கவில்லை. எருமப்பட்டித் தேர்வு மையத்துப் பெண் ஒருத்தி, நர்சிங் தேர்வில் கண்ணை மூடி, "காப்பாத்து சாமி" என்றாள். அடுத்து தம்மம்பட்டி மையத்துப் பையன் ஒருவனும் சாமியை அழைத்தான். இரண்டு காட்சிகளின் மேலும் ரத்து என்ற முத்திரை முன்பே விழுந்திருந்தது. அழுத்துவதற்குப் பொத்தானே இல்லை. மேலாளர் தனபாலிடம் ஓடினாள்.

"நீங்க குடுக்கற முடிவ வெச்சுத்தானுங்க அது கத்துக்குது," என்றார் அவர் பெருமையாக. "சாமின்னா ஆளக் கூப்புடறதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இனி அதுவே ரத்து பண்ணிக்கும். நமக்கு வேல மிச்சம்."

ரிஹானா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் மூடிய கண்ணோடு திரையில் உறைந்திருந்தாள். அவளை மீட்க வேண்டுமானால் முதல் தீர்ப்பைத் திருத்த வேண்டும். திருத்தினால் அன்பழகனும் தப்பித்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, வேண்டுமென்றே தவறாகத் தீர்ப்புச் சொன்னேன் என்று எழுதிக்கொடுத்தாள். எழுதும்போதும் அவரை மனதாரச் சபித்தாள். பிள்ளைகளின் ரத்து நீங்கியது, அவள் வேலை போனது.

வேலையின் கடைசி நாளன்று, ரத்தை நீக்கியதற்கு நன்றி சொல்ல அன்பழகன் இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். முதல்வராகிவிட்டாராம். தனபால் வெளியே போயிருந்ததால் ரிஹானாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மிசின் மேல எனக்கு எப்பவும் நம்பிக்கைதானுங்க," என்றார். "நடுவால எவனோ ஒரு ஆளு பண்ணுன கோளாறாமா. ஆள நம்பவே கூடாதுங்க."

"அந்த ஆள் நான்தான்," என்றாள் ரிஹானா. தெரிந்தே செய்ததாகவும் சொன்னாள். தன் பெயரையும், அவர் கல்லூரியில் தேர்வு எழுதியதையும், கெஞ்சியதையும், அத்தா கூட வந்ததையும் சொன்னாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள்.

அன்பழகன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"அப்படி நெறயப் பேரு வந்தாங்கம்மா," என்றார். "யாரன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

 இப்படிக் கெஞ்சியது தான் ஒருத்திதான் என்று ரிஹானா நினைத்திருந்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இனிப்புப் பெட்டியை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"நிதானமா யோசிங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா ஞாபகம் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க. எனக்கும் இனி வேற வேல இல்ல."