வேன் அக்காவின் காலைப் பாடம்

“உதட்டை ஒட்டுங்க. ஒட்டிட்டு விடுங்க. ம்… மா.”

ஒரு கையால் கணவரின் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவர் சட்டைக்குப் பொத்தான் போடுகிறாள் வேன் அக்கா. மேசைமேல் சாய்த்து வைத்த கண்ணாடியில் அவர் வாய் கோணித் திறக்கிறது. வருவது வெறும் காற்றுதான். “பரவால்ல, காத்து நல்லா வருது” என்கிறாள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பெயர் பிள்ளைகள் வைத்தது. பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சிவப்பு விளக்கு மாறுவதற்குள் கியர் விழுந்திருக்கும். ஆலயத்தில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால், மடியில் சாவிக்கொத்து குலுங்கும். அப்படிப்பட்டவள் தலையில் காத்திருப்பதே வேலையாக வந்து விழுந்தது.

கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவர். வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். பக்கவாதம் ஒரே காலையில் அந்தக் குரலை வாரிக்கொண்டு போய்விட்டது. பேச்சு வருவதானால் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வரும் என்றார் மருத்துவர். அந்த வருடமும் போயிற்று.

மகள் கல்யாணத்துக்குள் பேசவைத்துவிட வேண்டும் என்று அவள் ஆண்டவருக்கே கெடு வைத்திருந்தாள். கல்யாணத்தன்று அப்பா மகள் தலைமேல் கைவைத்தார். உதடு அசைந்தது, கண்ணீர்தான் வந்தது. ஆசீர்வாதத்தைப் போதகர் சொல்லி முடித்தார். அதன்பிறகு சில வாரம் அவள் ஆலயத்துப் பக்கமே போகவில்லை. சின்னப் பிள்ளைபோல ஆண்டவரோடு ‘காய்’ விட்டிருந்தாள். அப்போதும் காலைப் பாடம் மட்டும் நிற்கவில்லை.

அண்ணன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நாத்தனார் ஒருநாள் கேட்டேவிட்டாள்: “போதும் அண்ணி, அண்ணனைப் போட்டுப் படுத்தாதீங்க. இனிமே எங்க வரப்போகுது?”

“வர்ற நேரம் ஆண்டவரோடது. உதட்டை ஒட்டச் சொல்றது என்னோட வேலை. அவர் வேலையில நான் தலையிட மாட்டேன். என் வேலைய விடவும் மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் தனக்கே அது விளங்கியதுபோல, அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனாள். ஜெபமும் மாறியிருந்தது. “எப்போன்னு இனி கேக்க மாட்டேன் ஆண்டவரே. நீங்க வர்ற நேரத்துல நான் அவசரமா வெளிய ஓடிடாம இருந்தா போதும்.”

போன வாரம், பாடம் முடிந்து சாவியோடு வாசல்படி தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு முனகல். திரும்பினாள். கணவரின் உதடுகள் ஒட்டியிருந்தன, பிரிந்தன.

“மெ…”

அவள் சொல்லிக்கொடுத்த எந்தச் சொல்லும் அப்படித் தொடங்குவதில்லை. வேனில் முதலில் ஏறும் பிள்ளையின் வீட்டிலிருந்து அழைப்பு, கைப்பேசி அடித்தது. அவர் சொல்லைத் தானே முடித்துவைக்க நாக்கு துறுதுறுத்தது. உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மெ… து… வா.”

உடம்பு நன்றாக இருந்த காலத்தில், அவள் வேனை எடுக்கும்போதெல்லாம் சந்தைக் குரலில் அவர் சொல்லியனுப்பிய வார்த்தை.

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து, அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.