ராத்தா வீட்டில் எடுத்த பேட்டி

கடலோரக் களப்பில் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகளை யார் பாவிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை கேட்டார் ஆசிரியர். அப்போது நான் புத்தளத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த மெல்லிய நைலோன் வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு மீனையும் விடாது. நாலு நாள் கரை கரையாக அலைந்தேன். தோணிகளில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். கடைசியில் என் ராத்தாவின் கணவரிடம் போனேன். ராத்தா என் மூத்த சகோதரி. மச்சான் சின்ன வயதிலிருந்தே களப்பில் தொழில் செய்பவர். அவர்களுடைய ஊர்ப் பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

மச்சான் பேட்டிக்கு உடனே சம்மதித்தார். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. மற்றவர்கள் வாய் திறக்கப் பயந்த விஷயத்தை இவர் ஏன் இவ்வளவு லேசாகக் கதைக்க வருகிறார்? புதுச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து விறாந்தையில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கைபேசியில் பதிவைத் தொடங்கினேன்.

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் தங்கூசி பாவிக்கிறதில்ல. அங்கால கரையில இருந்து வாறவங்கதான் களப்ப நாசமாக்குறாங்க,” என்றார்.

அங்கால கரையில் இருப்பவர்கள் யுத்த காலத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறியவர்கள். வீட்டில் கதைக்கும்போது மச்சான் அவர்களைப் பற்றி ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. கதைத்த விதமும் அவருடையதல்ல. மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று பேசுபவரைப் போல இருந்தது. தேத்தண்ணி கொண்டு வந்த ராத்தாவின் காதிலும் அது விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமல் உள்ளே போனாள்.

பேட்டி முடிந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் எதையோ நீலத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். ஒரு மூலை விலகியிருந்தது. உள்ளே கண்ணாடி போன்ற நூல். தறப்பாளைத் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குசினிக்குப் போய் அது என்னவென்று ராத்தாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“கேக்கிறது தங்கச்சியா, பேப்பரா?”

“தங்கச்சி,” என்றேன்.

“தங்கச்சிக்கு என்டா அது வலை. பேப்பருக்கு என்டா நான் ஒண்டும் காணல்ல.”

பஸ்ஸில் திரும்பும்போது கை தன்பாட்டில் குறிப்புப் புத்தகத்தை எடுத்தது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினேன்: பின் வளவில் வலை, கோழிக்கூட்டடி, ராத்தா ஒப்புக்கொண்டாள். எழுதியதும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம், பேட்டி தந்தவர் என் மச்சான் என்று சொன்னேன். போவதற்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றேன். மச்சான் சொன்னது உண்மைதானா என்று அடுத்ததாகக் கேட்டார்.

“தெரியாது சேர்,” என்றேன்.

பேட்டியை அவர் தூக்கிவிட்டார். கட்டுரையைச் சிலாபத்திலிருந்த இன்னொரு நிருபரிடம் ஒப்படைத்து, என் குறிப்புகளை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். நான் புத்தகத்தையே கொடுத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்தபோது மச்சானின் பேச்சு ஒரு வரிகூட அதில் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துக் கடற்றொழில் அதிகாரிகள் வந்தார்கள். வேறு எந்த வீட்டுக்கும் போகாமல், நேரே மச்சானின் பின் வளவுக்குப் போய்க் கோழிக்கூட்டடியில் நின்றார்களாம். வலையை எடுத்துக்கொண்டு போய் வழக்கும் போட்டார்கள்.

ராத்தா போனில் அழவில்லை, ஏசவில்லை. நீ சொன்னாயா என்று மட்டும் கேட்டாள்.

“வல்லாஹி இல்ல ராத்தா,” என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தேன்.

அது உண்மை. போனை வைத்த பிறகுதான் பென்சிலால் எழுதிய வரி ஞாபகம் வந்தது.

சிலாபத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பி வாங்கினேன். ஓரத்தில் இருந்ததையெல்லாம் வாசித்தாரா என்று அந்த நிருபரிடம் கேட்டேன். “உங்கட கையெழுத்து யாருக்கு விளங்கும்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அயலில் ஒருவர் சொல்லியிருக்கலாம். அந்த வரியை அவர் காணாமலே இருந்திருக்கவும் கூடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மச்சான் வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். வலையைக் கண்டதையும் எழுதியதையும் புத்தகத்தைக் கைமாற்றியதையும் சொன்னேன். அதிகாரிகளிடம் நான் போகவில்லை என்றும் சொன்னேன்.

“எங்கட வீட்டுல கண்டத நீ எழுதினியா?”

“ஓம் மச்சான்.”

“அப்ப யார் போய்ச் சொன்னா எனக்கென்ன.”

ராத்தா சோறு போட்டாள். மச்சான் எங்களோடு உட்காரவில்லை. அங்கால கரைக்காரர் மேல் அவர் ஏன் பழி போட்டார் என்று கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். கேட்காமலே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொந்தக்காரர் யாரையும் நான் பேட்டி எடுப்பதில்லை. அவர்களில் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தாலும் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்தா வீட்டுக்கு முன்போலவே போய் வருகிறேன். மச்சான் ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். ராத்தா பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கதைப்பாள். நான் கேட்டால் சொல்வாள். தானாக எதையும் சொல்வதில்லை.