வளைக்காத கண்ணாடி

மாரிக்கனிக்குச் சட்டென்று கோபம் வராது. ஆனால் வந்த கோபம் திரும்பிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. ஆறாம் வகுப்பில் தன் பேனா முனையை உடைத்தவளோடு இன்றுவரை அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அப்படிப்பட்டவளிடம் போய் வம்பு வைத்துக்கொண்டான் விஜயபாண்டி. அவனுக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

மாரிக்கனிக்குச் சொந்த ஊர் பரளச்சி. பன்னிரண்டு வயதில் முகவாதம் வந்து, முக்கால்வாசி சரியாகி, மிச்சம் கால்வாசி அப்படியே தங்கிவிட்டது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால் மட்டும் வலது உதடு மேலே போகும், இடது உதடு கூடப் போகாமல் நின்றுகொள்ளும், இடது கண்ணும் லேசாகச் சுருங்கும். ஊரில் யாரும் அதை ஒரு பேச்சாகப் பேசியதில்லை. கூடப் படித்த பிள்ளைகளும் நாலு நாள் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். அவளும் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது விஜயபாண்டி பெண் பார்க்க வந்தான். திருச்சுழியில் செல்போன் கடை வைத்திருந்தான். சிவந்த ஆள், மீசையை அளந்து வைத்த மாதிரி ஒதுக்கியிருந்தான். கூட வந்த ஏழெட்டுப் பேர் காராச்சேவும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவன் போனை நீட்டி, “லேசாச் சிரிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்றான். மாப்பிள்ளை கேட்கிறானே என்று மாரிக்கனி சிரித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவன் போனில் முகத்துக்கு மார்க் போடுகிற ஆப் ஒன்று இருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சொல்லுமாம்.

“லெஃப்ட்டும் ரைட்டும் சமமா இருந்தாத்தான் மூஞ்சி லட்சணம். இது சயின்ஸு” என்று விளக்கிவிட்டு, போனைத் தன் அக்காவிடம் நீட்டினான். “நூத்துக்கு நாப்பத்தொண்ணு. பாஸாயிருச்சு, ஆனா மார்க்கு பத்தலயேக்கா.”

போன் கைக்குக் கை மாறியது. ஆளாளுக்குச் சிரித்தார்கள். மாரிக்கனியின் அம்மா பஞ்சம்மாளுக்கு என்ன ஏதென்று விளங்கவில்லை. பாஸ் என்கிற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு, “பாஸாயிட்டாளாமா!” என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மார்க்கை மாரிக்கனி மன்னித்தாலும் மன்னித்திருப்பாள். அம்மாவின் அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை. சிரிக்கிறவளுக்கே தெரியாமல் அவளையும் சேர்த்துக் கேலி செய்துவிட்டு, காராச்சேவு கையைத் துடைத்துக்கொண்டு போனார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது? போனவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. அடுத்து இரண்டு இடத்தில் தரகர் பேச்செடுத்தபோது, “அந்த நாப்பத்தொண்ணு புள்ளையா?” என்றுதான் கேட்டார்களாம். எடுத்த வேகத்தில் இரண்டும் நின்றுபோயிற்று.

மாரிக்கனி அந்த ஆப்பைத் தன் போனிலும் ஏற்றினாள். கண்ணில் பட்ட முகத்துக்கெல்லாம் மார்க் போட்டுப் பார்த்தாள். தாடையைத் திருப்பினால் ஒரு மார்க், வெயிலில் நின்றால் ஒரு மார்க். காலண்டரில் இருந்த லட்சுமிக்கே எழுபத்தொன்றுதான் கொடுத்தது. தூக்கிப்போடவேண்டிய சங்கதி என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அதற்குப் பிறகு பல் தெரியச் சிரிப்பதை அவள் விட்டுவிட்டாள்.

அருப்புக்கோட்டையில் அப்பாசாமியின் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நெசவுக்காரக் குடும்பம் அவருக்கு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக்காட்டி, மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுவது அவள் வேலை. அங்கேதான் அவளுக்குக் கண் திறந்தது. ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான முகங்களை அளந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒரு முகம்கூட அவள் கைக்கு வரவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கிற அழகிக்கு ஒரு புருவம் மேலே இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லோரும் ஹீரோ என்று கூப்பிடுகிறவனுக்கு மூக்குத் தண்டே ஒருக்களித்து இருந்தது. காதுகளோ கேட்கவே வேண்டாம்.

காது ஏற்ற இறக்கமாக இருந்தால் நேரான கண்ணாடி முகத்தில் சாய்ந்துதான் உட்காரும். அதனால் காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி, ஆளுக்குத் தகுந்தபடி மேலேயோ கீழேயோ வளைத்துக் கொடுப்பார்கள். போட்டுக்கொள்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

“வளச்சுக் குடு, வாய மூடிக்க” என்பது அப்பாசாமி முதல் நாளே சொன்ன சட்டம். “காது கோணல், கண்ணு கோணல்னு எந்தக் கஸ்டமர்கிட்டயாவது சொன்ன, அன்னைக்கோட உனக்கு இங்க வேல இல்ல.”

மாரிக்கனி அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை, போன ஐப்பசியில் விஜயபாண்டி கடைப்படி ஏறும்வரை.

தலைவலி, சின்ன எழுத்து தெரியவில்லை என்று சீட்டோடு வந்து உட்கார்ந்தான். மாரிக்கனி எதிரில் ஒரு முழ தூரத்தில் நின்றாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் பெயரைக் கெடுத்து நாலு ஊர் பேசவைத்தவன் அவளையே மறந்துவிட்டிருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஸ்கேலை நேராக அவன் மூக்கின்மேல் வைத்தாள். வலது கண் முப்பத்தொரு மில்லி, இடது கண் முப்பத்துநாலு. காதைப் பார்த்தாள். இடது காது நாலு மில்லி நன்றாகவே இறங்கியிருந்தது. குலசாமியே கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

“இது ஒங்களுக்கு அம்சமா இருக்கும்ண்ணே” என்று ஒரு ஃப்ரேமை எடுத்துக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்தவனை அண்ணே என்று கூப்பிடுவதில் தனி ருசி இருந்தது. மேல்விளிம்பு ஈர்க்குச்சி மாதிரி நேர்கோடாக ஓடுகிற ஃப்ரேம் அது. அரை மில்லி சாய்ந்தாலும் அடுத்த தெருவுக்குத் தெரியும்.

கண்ணாடி தயாரானதும் அவள் எதையும் வளைக்கவில்லை. “வீட்டுல போயி மாட்டுங்கண்ணே, பழக ரெண்டு நாளாகும்” என்று பெட்டியோடு கொடுத்தனுப்பினாள்.

இரண்டாவது நாளே வந்து நின்றான், பெண்டாட்டி தீபலட்சுமியையும் கூட்டிக்கொண்டு. கடையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

“என்னம்மா கண்ணாடி செஞ்சிருக்கீக? கோணலா நிக்கிது! கடைக்கு வாரவன் போறவன்லாம் கேக்குறான்.”

மாரிக்கனி கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கினாள். கம்பிகளை விரித்து, மேசைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்து, விரலால் தட்டினாள். அசையவில்லை.

“ஆடுதாண்ணே?”

“ஆடல.”

“எல்லாரும் பாத்துக்கங்க, ஆடல. நேரா இருக்கு. இப்ப மாட்டுங்க.” அவன் மாட்டினான். இடது பக்கம் சரிந்தது. ஆளுயரக் கண்ணாடியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: “ஃப்ரேமு கோணலில்லண்ணே. ஒங்க மூஞ்சிதான் கோணல். எடது காது நாலு மில்லி எறங்கியிருக்கு. எடது கண்ணு மூணு மில்லி தள்ளிக் கெடக்கு.”

பெஞ்சில் இருந்த யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தாங்கவில்லை.

“ஏய் மாரிக்கனி!” என்று உள்ளேயிருந்து அப்பாசாமி கத்தினார்.

பெயரைக் கேட்டதும் விஜயபாண்டி நிமிர்ந்தான். அவள் உதட்டைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். “பரளச்சி…” என்று இழுத்தான்.

“பரளச்சியேதான். அன்னைக்கு எங்காத்தாளும் சிரிச்சுச்சு, தெரியாம. இன்னைக்குத் தெரிஞ்சவுக சிரிக்கிறாக. அம்புட்டுத்தான்.”

தீபலட்சுமி நல்ல பெண். புருஷன் முகம் தொங்கியதைப் பார்த்துச் சமாதானம் சொல்ல வந்தாள். “இதுக்குப் போயி ஏன் இப்படி ஆகுறீங்க? கல்யாணத்தன்னைக்குப் பக்கத்துல உக்காந்தப்பவே நான் பாத்தேன். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அதுல என்ன இருக்கு?”

மாரிக்கனியே கொஞ்சம் திகைத்துப்போனாள். தன்னிடம் இப்படி ஒரு ஆள் ஆறுதலாகச் சொல்லியிருந்தால் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விஜயபாண்டிக்கோ மாரிக்கனி சொன்னதைவிட இதுதான் ஆழமாக இறங்கியது. கல்யாண வீடு மொத்தமும் தன் காதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சரி பண்ணிக் குடு” என்றான் தரையைப் பார்த்து.

“எதச் சரி பண்ண? அது நேராத்தான இருக்கு. என் மூஞ்சிக்குத் தக்கன கோணலாக்கிக் குடுன்னு கேளுங்க, செஞ்சு தாரேன்.”

அவன் முனகினான்.

“கேக்கலண்ணே.”

இன்னொரு தடவை சொன்னான். ஒன்பது பேருக்கும் கேட்டது. மாரிக்கனி கம்பியைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் விரல்விட்டுப் பார்த்து, இன்னும் அரை மில்லி ஏற்றினாள். கையில் எடுத்த வேலையைக் கெடுப்பது அவளுக்கு வராது. கண்ணாடி அவன் முகத்தில் மட்டமாக உட்கார்ந்தது. ஆளுயரக் கண்ணாடியில் அவன் மூக்குக்கண்ணாடியைப் பார்க்கவில்லை, தன் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாசாமி இரண்டு மொழியிலும் திட்டித் தீர்த்தார். ஆனால் அவள் அளவுக்குத் துல்லியமாக அளக்க ஆள் கிடைக்காது என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மாதம் கடை முகப்புக்கே வரக்கூடாது, உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷினில் உட்கார் என்றார். மாரிக்கனி சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தாள். செய்தது தப்போ என்று மனம் உறுத்துமா என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். உறுத்தவில்லை. பசி நன்றாக எடுத்தது.

கார்த்திகையில் ஒரு சான்றிதழ் விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினாள். மழை நாள், பஸ்ஸில் கூட்டம். மூன்று சீட் முன்னால் விஜயபாண்டியும் தீபலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்குப் பைக்கை எடுக்கவில்லை போலும். அவன் இவளைப் பார்க்கவில்லை. கண்ணாடி அவள் வளைத்துக் கொடுத்தபடியே கச்சிதமாக இருந்தது. ஆனால் இறங்கிய காதைத் தூக்கிக் காட்டுவதற்காக அவன் தலையை வலது பக்கம் சாய்த்துப் பழகியிருந்தான். அதனால் கண்ணாடி, காது, கழுத்து எல்லாமே சேர்ந்து கோணலாகத் தெரிந்தது. தீபலட்சுமி கையால் அவன் தலையை நேராக்கிவிட்டாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் தலை மறுபடியும் வலது பக்கம் போய்விட்டது.

“தாலுகாபீஸ் எறங்குறவுக எறங்குங்க” என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

மாரிக்கனி எழுந்திருக்கவில்லை. “இன்னும் ரெண்டு ஸ்டாப்புக்கு டிக்கெட்டு குடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.