எஞ்சின் நிண்டால் என்னெண்டு தேடுவீங்கள்?

1. நீல நாக்கு

முதல் நாளே எங்கள் பொட்காஸ்டை எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம், வலைச்சாமான் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் ஒபிஸ் இருந்தது. இரண்டு அறைகள். ஒன்றில் ஒலிப்பதிவு, மற்றதில் மிச்ச எல்லா வேலையும். மீனவர் சங்கமொன்று அந்த இடத்தைத் தந்திருந்தது. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு உதவக்கூடிய விஷயங்களை, அதே தொழிலில் இருப்பவர்களைக் கொண்டே பேசவைத்துப் போடுவதுதான் எங்கள் வேலை. அதற்கு முன் நான் கொழும்பில் வானொலியில் ஒலிப்பதிவாளராக நெடுங்காலம் இருந்தவள். ஊருக்குத் திரும்பி, லிங்கநகரில் வீடெடுத்து, இனி ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்த நேரத்தில் குகதாசன் சேர் கூப்பிட்டார்.

அவர்தான் பணிப்பாளர். நல்ல மனிதர், நல்ல குரல், கவிதையும் எழுதுவார். நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்ததும் அவரே: 'நீலத்தின் நாவுகள்'.

தொடக்க நாளன்று சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, சேர் எழும்பிச் சொன்னார்: "எல்லாரும் உங்கட போனை எடுத்து எங்கட நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கோ."

தேடினார்கள். சங்கத் தலைவரின் போனில் நீலச் சேலை விற்கும் கடை வந்தது. பக்கத்தில் இருந்தவருக்குத் தியான இசை வந்தது. இன்னொருவர் எழுத்தைக் கூட்டிக் கூட்டி அடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"சேர், நாவு எண்டால் என்ன?"

"நாக்கு."

"அப்ப நீல நாக்கோ? அது மாட்டுக்கு வாற நோயெல்லே?"

சேர் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நஸ்ரின் ஒவ்வொருவரின் போனையும் வாங்கித் தானே தேடி எடுத்துக் கொடுத்தாள். நஸ்ரின் கிண்ணியாக்காரி. எங்களுடைய விளம்பர வேலை, வட்ஸ்அப், படம் வரைவது எல்லாம் அவள் பொறுப்பு. போகும்போது தலைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, வருஷ முடிவு மட்டும் பாப்பம். கேக்கிறதுக்கு ஆக்கள் இல்லையெண்டால், இந்த அறை எங்களுக்கும் தேவைதான்."

2. தேடச் சொன்னோம், பார்த்துக்கொண்டிருந்தோம்

வானொலியில் எனக்கு இந்தக் கவலை இருந்ததே இல்லை. அங்கே குசினியில் ரேடியோப் பெட்டியைத் திருகிவிட்டால் நாங்கள் வீட்டுக்குள் இருப்போம். ஆட்கள் எங்களைத் தேட வேண்டியதில்லை. பொட்காஸ்ட் அப்படியல்ல. கேட்கிறவர்தான் தேடிக்கொண்டு வர வேண்டும். எந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருவார் என்பதை நாங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒலியைச் சுத்தம் செய்வதில் செலவழித்த அக்கறையில் பாதியையாவது இதில் செலவழிக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நஸ்ரினும் நானும் மீன் இறக்கும் இடத்துக்குப் போனோம். தோணிகள் வந்து, மீன் ஏற்றி முடிந்து, ஆட்கள் ஓய்ந்திருக்கும் நேரம். ஆரையும் பேட்டி எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்.

"அண்ணே, கடலுக்குள்ள எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறதெண்டு போனில தேடவேணும் எண்டு வையுங்கோவன். என்னெண்டு தேடுவீங்கள்? அடிச்சுக் காட்டுங்கோ."

ஒருவர் 'எஞ்சின்' என்று மட்டும் அடித்தார். இன்னொருவர் இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடித்தார், 'எஞ்சின் ஸ்டார்ட் வருதில்ல' என்று. அதிலும் எஞ்சின் என்பதை ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். வயதானவர் ஒருவர் அடிக்கவே இல்லை. மைக் படத்தை அமத்திப் பிடித்து, போனைப் பார்த்துக் கத்தினார்: "எஞ்சின் நிண்டுபோச்சு!"

ஒருவர்கூட 'படகு இயந்திரப் பழுது' என்று தேடவில்லை. நாங்கள் போடவிருந்த தலைப்போ அதைவிட மோசம். சேர் எழுதி வைத்திருந்தது: 'இதயம் நின்ற இயந்திரம்'.

திரும்பி வரும்போது நஸ்ரின் சொன்னாள்: "அக்கா, இவங்கட வாயில என்ன வருதோ அதுதான் தலைப்பு. நாங்க புதுசா ஒண்டும் யோசிக்கத் தேவயில்ல."

3. பெயர் மாற்றம்

இதைச் சேரிடம் சொல்வது என் தலையில் விழுந்தது. சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாலதி, மீன்காரருக்குக் கவிதை விளங்காதெண்டு நினைக்கிறீங்களோ?"

"விளங்கும் சேர். உள்ளுக்கு வந்த பிறகு எவ்வளவு கவிதையும் சொல்லுங்கோ. வாசலில எழுதினால் வாசல் எதெண்டு தெரியாமல் போயிடும்."

அவருக்கு மனத்தாங்கல்தான். ரெண்டு நாள் என்னோடு வேலைக் கதை மட்டும் கதைத்தார். பிறகு ஒருநாள் வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தங்கச்சி போன் எடுத்தா. எங்கள் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும், பெயரைச் சொல் என்று கேட்டிருக்கிறா. அறையின் இந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சேரின் குரல் மட்டும் கேட்டது.

"நீலத்தின்... இல்லை, நிலம் இல்லை, நீலம். நெடில். ஓம். நாவுகள். நா. நாய் இல்லையடி, நாவு. சரி, நீ அடிச்சது என்ன? வாசி பாப்பம். இல்லை. திரும்ப அடி."

போனை வைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்த கதிரையில் இருந்தார்.

"என்ன பேர் வைக்கலாம் எண்டு யோசிச்சனீங்கள்?"

"திருமலைக் கடல் கதை."

"அதில என்ன இருக்கு?"

"எங்கட ஊர் திருமலை இருக்கு, கடல் இருக்கு, கதை இருக்கு சேர்."

யன்னல் பக்கம் திரும்பினார். "சரி, மாத்துங்கோ" என்றார்.

இதிலிருந்து நான் ஒரு பரீட்சை பழகிக்கொண்டேன். இப்போது புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். பெயரைப் போனில் ஒருதரம் சொல்லுங்கள். மற்றப் பக்கம் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதினால் அது நல்ல பெயர்.

முகப்புப் படத்தையும் மாற்றினோம். முதலிருந்த படம் விடியற்கடல், அடியில் சின்ன எழுத்தில் பெயர். கணினியில் பார்க்க அருமை. போனில் அது வெறும் நீலச் சதுரம். நஸ்ரின் கடலைத் தூக்கிவிட்டு மஞ்சள் பின்னணியில் பெயரைப் பெரிதாகப் போட்டாள். விவரக் குறிப்பில் எங்கள் நோக்கங்களைப் பற்றி நான்கு பந்தி இருந்தது. அதை வெட்டி, ஆர் பேசுகிறார், எதைப் பற்றி என்று ரெண்டு வரி வைத்தோம். அதே வரியை இங்கிலிஷ் எழுத்தில் தமிழாகவும் கீழே அடித்தோம். பார்க்க வடிவில்லை, ஆனால் ஆட்கள் தேடுவது அப்படித்தான்.

4. ஹனிபா நானாவை வெட்டினோம்

மூதூரில் எஞ்சின் திருத்தும் ஹனிபா நானாவை ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டோம். அவர் பேச ஒன்றும் தயார் செய்யவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மைக்கைக் கண்டதும் தொடங்கினார். எஞ்சின், அதுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், தன் மருமகனின் கலியாணம், திரும்ப எஞ்சின் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. எல்லாம் சுவைதான். நான் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில். தலைப்பு அந்தக் கேள்வியே: 'எஞ்சின் கடல்ல நிண்டால் என்ன செய்யிற?', 'எண்ணெய்க்குள்ள தண்ணி கலந்தா எப்பிடித் தெரியும்?'

நானாவுக்குக் கோபம். "என்ன தங்கச்சி, என்ட கதைய மீன் வெட்டுற மாதிரி வெட்டிப்போட்டீங்களே."

நஸ்ரின்தான் சமாளித்தாள். "முழு மீனையும் ஒரே வாயில திங்க ஏலுமா நானா? முழுக் கதையும் தனியா இரிக்கி. விருப்பமான ஆக்கள் அதக் கேப்பாங்க."

"மருமகன்ட கலியாணம்?"

"அதுவும் இரிக்கி."

அடுத்த பிரச்சினை பகிர்வது. நாங்கள் லிங்க் அனுப்பினோம். லிங்க்கை அமத்தினால் அது ஏதோ செயலியை இறக்கச் சொல்லும். குச்சவெளிப் பக்கம் சிக்னல் ஒருநேரம் இருக்கும், ஒருநேரம் இராது. டேட்டாவை வேறு யோசிக்க வேண்டும். ஆட்கள் லிங்க்கைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் மாமி அனுப்பும் ஒலித்துண்டை ஒன்றுவிடாமல் கேட்டு, பத்துப் பேருக்கு அனுப்புவார்கள்.

"அப்ப பைலையே அனுப்புவம்" என்றேன்.

சேருக்கு நியாயமான ஒரு தயக்கம் இருந்தது. "பைலை அனுப்பினால் எத்தனை பேர் கேட்டது எண்டு எங்களுக்குத் தெரியாது. சங்கத்துக்கு என்னத்தைக் காட்டுறது?"

இரண்டையும் செய்வோம் என்று முடிவெடுத்தோம். துண்டைச் சின்னப் பைலாக்கி வட்ஸ்அப்பில் விடுவது. அதன் கடைசியில், மிச்சத்தை எங்கே கேட்கலாம் என்று சொல்வது. பைலோடு எப்போதும் ஒரு வரி எழுத்து போக வேண்டும் என்பதில் நஸ்ரின் பிடிவாதமாக நின்றாள். "வெறும் ஒலிய அனுப்பினா ஒரு கிழமைக்குப் பிறகு எது என்னெண்டு ஆருக்குத் தெரியும் அக்கா? தேடினா வரணும்."

கேட்டவர்களின் கணக்கில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பைல்கள் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டேயிருந்தன. எங்கே போகின்றன, ஆராவது கேட்கிறார்களா என்று எங்களுக்குத் தெரியாது. வருஷ முடிவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

5. திரியாயிலிருந்து வந்தவர்

ஒருநாள் காலை ஒபிஸ் படியேறி ஒருவர் வந்தார். கையில் பையொன்று, உள்ளே கருவாடு. பெயர் சிவபாலன், திரியாய் என்றார். ஹனிபா நானா இங்கேயா இருக்கிறார் என்று கேட்டார். நானா மூதூரில் என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினார்.

அவரும் மச்சானும் விடிய முதல் கடலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்ப நினைத்த நேரம் எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்துவிட்டது. நங்கூரம் போட்டால் அடி எட்டவில்லை. மற்றத் தோணிகள் எல்லாம் முன்னமே போய்விட்டன. போனில் சிக்னல் இல்லை.

"கரையில மரங்கள் தெரிஞ்சுகொண்டிருந்தது" என்றார். "பிறகு மரம் தெரியேல்ல, கரை ஒரு கோடாத்தான் தெரிஞ்சுது. மச்சான் கதைக்கிறதை விட்டிட்டான்."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சில நாட்களுக்கு முன் மனைவி ஏதோ எஞ்சின் விஷயம் ஒன்றை அனுப்பியிருந்தா. வீட்டில் வைத்து அது போனுக்குள் இறங்கியிருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை. பொலித்தீன் பையிலிருந்து போனை எடுத்து, வட்ஸ்அப்பில் 'எஞ்சின்' என்று அடித்திருக்கிறார். சிக்னல் இல்லாவிட்டாலும் போனுக்குள் இருப்பதைத் தேடலாமே. வந்துவிட்டது: 'எஞ்சின் கடல்ல நிண்டால் என்ன செய்யிற? மூதூர் ஹனிபா நானா.'

நஸ்ரின் தட்டச்சுவதை நிறுத்திவிட்டாள்.

"கயித்த இழுக்கிறத முதல்ல நிப்பாட்டுங்க எண்டார் நானா. பேந்து எண்ணெயக் கொஞ்சம் போத்தல்ல ஊத்திப் பாக்கச் சொன்னார். பாத்தால் அடியில தண்ணி. காபரேட்டருக்குக் கீழ சின்ன ஸ்குரூ ஒண்டு இருக்கு, அதைத் திறந்து தண்ணி போகுமட்டும் விடச் சொன்னார். பிளக்கைக் கழட்டித் துடைக்கச் சொன்னார். எல்லாம் அவர் சொன்ன மாதிரியே செய்தம். ரெண்டாவது இழுப்பில பிடிச்சுது."

கீழே கடையில் ஆரோ விலை பேசுவது கேட்டது. சேர் உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சிவபாலன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு தயங்கினார்.

"ஒண்டு சொல்லட்டோ, கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ" என்றேன்.

"நானா கதைக்கத் தொடங்க முதல் ஒரு ஐயா வணக்கம் சொல்லுறார். கடல் தாய் எண்டுறார், அலை எண்டுறார், வானம் எண்டுறார். எங்கட கையெல்லாம் எண்ணெய், துடைச்சுத் துடைச்சுத் தேடி எடுத்ததே பெரும்பாடு, பிறகு போன் திரை விரலுக்குக் கேக்குதில்லை, ஓட்டிவிடவும் ஏலாது. தோணி போய்க்கொண்டிருக்கு. அவர் முடிக்கிறாரில்லை. என்ர மச்சான் போனைப் பாத்துக் கும்பிட்டான். 'ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நானாவைக் கதைக்க விடுங்கோ' எண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நஸ்ரின் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். வணக்கம் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியா என்று ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதைச் சேர்க்க வைத்தவர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றார்.

"ஆர் அந்த ஐயா?" என்று கேட்டார் சிவபாலன்.

"நான்தான் தம்பி" என்றார் சேர்.

சிவபாலன் எழும்பிவிட்டார். சேர் அவருடைய தோளில் கைவைத்து இருத்தினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கீழிருந்து கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார்.

"மாலதி, எல்லாத்திலயும் என்ர வணக்கத்தை வெட்டுங்கோ. இண்டைக்கே வெட்டுங்கோ."

பின்னேரம் சங்கத் தலைவருக்குச் சேர் தானே போன் எடுத்து இந்தக் கதையைச் சொன்னார், தன்னைப் பற்றிய பகுதியையும் விடாமல். அறையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. சிவபாலன் தந்த கருவாட்டில் பாதியை நஸ்ரின் மூதூருக்குக் கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தாள். நானா அதை வாங்கிக்கொண்டு, தன் பேச்சை வெட்டியது சரிதான் என்று ஒத்துக்கொண்டாராம். கலியாணக் கதையை மட்டும் வெட்டியிருக்கத் தேவையில்லை என்றாராம்.

இளம் பிள்ளைகள் என்னிடம் வந்து, எந்த மைக் நல்லது, எந்தச் செயலியில் எடிட் பண்ணலாம் என்று கேட்பார்கள். சொல்லிக்கொடுப்பேன். அதோடு இதையும் சொல்வேன். உங்கள் நிகழ்ச்சியைத் தேடுகிறவர் ஆறுதலாகக் கதிரையில் இருந்து தேடுவதாக நினைக்காதீர்கள். அவருடைய கையில் எண்ணெய் இருக்கலாம். அவர் வாயில் வரும் சொல்லைத் தலைப்பில் வையுங்கள். அவர் இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய அளவில் வையுங்கள். திறந்தவுடன் விஷயத்தைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் நிகழ்ச்சியில் வணக்கம் கடைசியில்தான் வருகிறது. சேரே பேசுகிறார். கடலும் அலையும் வானமும் அதில் இருக்கின்றன. அதைக் கேட்பதற்கென்றே முழு எபிசோடையும் தேடிப் பிடிக்கிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். கரைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது.